தாய்ச்சி முஷ்டியை இழந்த கதை

1954 ஜனவரி 17. போர்ச்சுகீசியர் ஆண்ட மக்காவ் நகரில், கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடையைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் ஹாங்காங்கில் தாய்ச்சி கற்றுக்கொடுத்துவந்த ஆசான் வூ கோங்யி. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எதிர் மூலையில் வெண்கொக்கு முறையின் ஆசான் சான் ஹாக்-ஃபூ, முப்பதுகளில் இருந்தவர். யார் முறை உயர்ந்தது என்று பத்திரிகைகளில் மூண்ட வாய்ச்சண்டை மேடைவரை வந்திருந்தது. இப்படி நேருக்கு நேர் மோத ஹாங்காங்கில் அன்று அனுமதி இல்லை. அதனால்தான் மக்காவ். முந்தைய மாதம் கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷேக் கிப் மேய் குடிசைப்பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டுவதும் போட்டியின் நோக்கமாக இருந்தது.

சண்டை நீளவில்லை. சானின் மூக்கில் இரத்தம் வந்தது. இரண்டாம் சுற்றில் நடுவர்கள் குறுக்கே புகுந்து நிறுத்தினார்கள். வெற்றி இல்லை, தோல்வி இல்லை, சமனும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றே நாளில் ஹாங்காங்கின் மாலை நாளிதழ் ஒன்று, லியாங் யூஷெங் என்ற இளைஞரைக் கொண்டு வீரசாகசத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கியது. ஜின் யோங் போன்றோர் பின்னால் கொடிகட்டிப் பறந்த நவீன சீன வீரக்கதை மரபு அந்தத் தொடரிலிருந்துதான் பிறந்தது.

சண்டையின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. அதில் காண்பவை பூங்காவில் விடியற்காலையில் மேகம்போல் மிதக்கும் கைகள் அல்ல. பதற்றமும் வேகமும் கலந்த, அழகற்ற, உண்மையான அடிதடி. இதுதான் தாய்ச்சியா என்று அன்று பலர் திகைத்தார்கள். அந்தத் திகைப்பை விளங்கிக்கொள்ள அந்தக் கலையின் முழுப்பெயரைக் கேட்க வேண்டும். சீனத்தில் அது தாய்ஜிசுவான். கடைசிச் சொல்லான ‘சுவான்’ முஷ்டியைக் குறிப்பது. உலகம் சுற்றிய பயணத்தில் அந்தப் பெயரிலிருந்து உதிர்ந்துபோனது அந்த முஷ்டிதான்.

அந்த முஷ்டியின் ஊர் சென்ஜியாகோ. ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் மாவட்டத்தில் இருக்கும் சென் குலத்தாரின் கிராமம். மிங் ஆட்சியின் தொடக்கத்தில் ஷான்ஸியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். அந்தக் குலத்தின் ஒன்பதாம் தலைமுறையில் வந்த சென் வாங்டிங் 1641இல் மாவட்டத்தின் ஊர்க்காவல் படையில் பொறுப்பு வகித்ததாக மாவட்ட வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. மூன்றாண்டில் மிங் ஆட்சி கவிழ்ந்தது. பழைய அரசுக்காக வாளெடுத்தவருக்குப் புதிய ஆட்சியில் இடமில்லை. ஊரோடு ஒதுங்கி நிலத்தை உழுது, பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் சண்டை சொல்லிக்கொடுத்து முதுமையைக் கழித்தார் என்பது அவர் பெயரில் வழங்கும் பாடல் தரும் செய்தி.

அவர் வெறும் கையோடு தொடங்கவில்லை. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு, கடற்கரையைச் சூறையாடிய கொள்ளைக்கூட்டங்களை விரட்டிய தளபதி ச்சி ஜிகுவாங், படைவீரர்களுக்காக எழுதிய கையேட்டில் 32 கைச்சண்டை நிலைகளைப் படங்களோடு தொகுத்திருந்தார். போர்க்களத்தில் வெறுங்கை பெரிதாக உதவாது, ஆனால் உடம்பைப் பழக்கும் முதல் படி அதுதான் என்பது அவர் கருத்து. சென் குலத்தாரின் பழைய வரிசைகளோடு அந்தக் கையேட்டை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், 32 நிலைகளில் 29 அங்கே இருப்பதைக் கண்டார்கள். ‘ஒற்றைச் சவுக்கு’ என்ற நிலை இரண்டிலும் உண்டு. இன்று பூங்காவில் பாட்டிமார் கை விரிக்கும் அதே ஒற்றைச் சவுக்கு ஒரு காலத்தில் சிப்பாய்க்குச் சொல்லிக்கொடுத்த அடி.

கிராமத்துக்குச் சண்டை பிழைப்பாகவும் இருந்தது. வணிகரின் பணத்தையும் சரக்கையும் கொள்ளையர் நடமாடும் சாலைகளில் காவலோடு கொண்டுசேர்க்கும் தொழில் அந்நாளில் சீனமெங்கும் நடந்தது. சென் குலத்து ஆண்கள் பலர் அந்த வழிக்காவல் வேலைக்குப் போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்த சென் சாங்சிங்கும் அவர்களில் ஒருவர். சரக்கு ஊர் போய்ச் சேராவிட்டால் கூலி கிடையாது. சில வேளை ஆளே திரும்பமாட்டார். ஏட்டுச்சுரைக்காய் உதவாத தொழில். ஆகவே பயிற்சியும் அதற்கேற்பவே அமைந்தது.

அந்தப் பயிற்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் வரிசை பெரும்பாலும் மெதுவானது. முறுக்கிய கயிறுபோல் கணுக்காலில் பிறக்கும் சுழற்சி இடுப்பு வழியே ஏறி விரல்நுனிக்கு வரும்வரை உடம்பைப் பழக்குவது அதன் வேலை. அந்த மெதுவுக்கு இடையிலேயே திடீரென ஒரு குத்து வெடிக்கும், ஒரு கால் தரையை அதிர மிதிக்கும். இரண்டாம் வரிசையின் பெயரே ‘பீரங்கி முஷ்டி’. அதில் குதிப்பும் பாய்ச்சலும் மிகுதி. வாளும் ஈட்டியும் உண்டு. பத்தடியைத் தாண்டும் கனத்த கோலை இடுப்பு வலுவாலேயே நுனிவரை அதிரவைக்கும் பழக்கமும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் உரைகல் இருவர் சேர்ந்து செய்யும் துய்ஷோ. இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை ஒட்டவைத்துச் சுழற்றுவார்கள். தாங்குதல், வழியவிடுதல், அழுத்துதல், தள்ளுதல் என நான்கு அடிப்படைகள். அவற்றின்மேல் பிடித்து இழுத்தல், பிளத்தல், முழங்கை, தோள் என இன்னும் நான்கு. எதிராளியின் விசை எங்கே புறப்படுகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தோலாலேயே அறிவதைச் சீனர்கள் ‘விசையைக் கேட்பது’ என்கிறார்கள். கண் பார்த்து, மூளை யோசித்து, கை எழுவதற்குள் அடி விழுந்துவிடும். தொட்ட இடத்திலேயே கேட்டுவிட்டால் அந்த நேரம் மிச்சம். மெதுவாகச் செய்வதன் சண்டைப் பொருள் இதுதான். தனியாக நின்று எத்தனை ஆண்டு கை வீசினாலும் இந்தக் கேள்வித்திறன் வராது. எதிரே ஓர் ஆள் வேண்டும், அவர் உண்மையாகவே தள்ளவும் வேண்டும்.

கிராமத்துக்கு வெளியே இந்தக் கலையைக் கொண்டுபோனவர் ஹெபெய் மாகாணத்து யோங்னியனில் பிறந்த யாங் லூசான் (1799–1872). ஏழை. சென் சாங்சிங்கிடம் கற்க நெடுந்தொலைவு கடந்து வந்தவர். இரவில் சுவரின் ஓட்டை வழியே ஒளிந்து பார்த்துக் கற்றார் என்ற கதை சீனத்தில் பரவலாக வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், அயலார் ஒருவர் பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பின் குலக்கலையைப் பெற்றது உண்மை. உண்மையான தாய்ச்சி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்த முதல் பெரிய மாணவர் அவரே. பின்பு பெய்ஜிங் சென்று மஞ்சு இளவரசர் மாளிகையிலும் படைப்பிரிவிலும் கற்றுக்கொடுத்தார். ‘வெல்ல முடியாத யாங்’ என்ற பட்டம் அங்கே கிடைத்தது.

மாற்றம் அவருடைய பேரன் காலத்தில் வந்தது. 1911 புரட்சியில் பேரரசு விழுந்தது. துப்பாக்கியும் ரயிலும் வழிக்காவல் தொழிலை விழுங்கியிருந்தன. ‘கிழக்கின் நோயாளி’ என்ற இழிசொல்லைத் துடைக்க மக்கள் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று அறிஞர்கள் பேசினார்கள். சண்டை ஆசான்களை அழைத்துத் தேகப்பயிற்சிக் கழகங்கள் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்டன. அந்தப் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) அங்கே கற்றுக்கொடுத்தார், பிறகு 1928இல் ஷாங்காய் போனார். அவருடைய வரிசையில் குதிப்பும் வெடிப்பும் அடங்கி, ஒரே சீரான, விரிந்த, மெல்லிய ஓட்டம் நிலைத்தது. அலுவலரும் வணிகரும் நோயாளியும் செய்யக்கூடிய ஒன்றாக அது ஆனது. இதை வஞ்சகம் என்று சொல்வது நியாயமாகாது. 1931இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே தாய்ச்சியைப் பயன்படுத்தும் முறை என்றுதான் இருந்தது; ஒவ்வொரு நிலையையும் எதிராளிமேல் எப்படிச் செலுத்துவது என்று அதில் காட்டினார். மாணவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது வரிசையை மட்டுமே.

அதே 1928இல் சென் குலத்து ஆசான் சென் ஃபாகே கிராமத்திலிருந்து பெய்ஜிங் வந்தார். யாங் முறையையே தாய்ச்சியாக அறிந்திருந்த நகரத்துக்கு, தரை அதிர மிதிக்கும் அவருடைய வரிசை அந்நியமாகத் தெரிந்தது. மூலம் எது, கிளை எது என்ற கேள்வி எழுந்தது. சட்டம் படித்த வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ் 1930களின் தொடக்கத்தில் சென்ஜியாகோவுக்கே போய் குலவரலாற்று ஏடுகளைப் புரட்டினார். வூடாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங் கனவில் கண்ட கலை என்ற புராணத்துக்கு ஆதாரமில்லை, சென் வாங்டிங்கே மூலவர் என்று எழுதினார். இதை மறுப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பக்திக்கதையை விட்டு ஏட்டைத் தேடிப் போன அவர் துணிவு பெரிது.

1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் வரிசையிலிருந்து 24 அசைவுகளைப் பொறுக்கி ஒரு சுருக்க வரிசை செய்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடியும். தொழிற்சாலையிலும் பள்ளியிலும் பூங்காவிலும் அது பரவியது. உலகம் இன்று தாய்ச்சி என்று அறிவது பெரும்பாலும் அதைத்தான்.

சென்ஜியாகோ கிராமத்திலோ விளக்கு அணையும் நிலை. பஞ்சமும் போரும் ஆட்களைச் சிதறடித்திருந்தன. 1958இல் சென் ஜாவோபி ஊர் திரும்பினார். 1928இல் பெய்ஜிங்கில் கற்றுக்கொடுத்து, நான்ஜிங்கிலிருந்து அழைப்பு வந்ததும் தன் இடத்துக்குச் சிற்றப்பா சென் ஃபாகேயை வரவழைத்தவர் இவர்தான். வயது அறுபத்தைந்து. ஊரில் கலையைத் தொடர இளையவர்கள் இல்லை என்று கண்டு, வேலையை விட்டுத் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். கலாசாரப் புரட்சி வந்தபோது பழமையின் எச்சம் என்று அவரை இழிவுபடுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. 1972 டிசம்பரில் அவர் இறந்தபின் சென் ஃபாகேயின் மகன் சென் ஜாவோகுய் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இந்த இருவரிடமும் பழகிய சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜூ தியான்சாய் என்ற நால்வர்தான் 1980களுக்குப் பின் சென் முறையை உலகெங்கும் கொண்டுபோனார்கள். ஒரு முதியவர் ஊர் திரும்பாமல் இருந்திருந்தால் இந்த நால்வரும் இல்லை.

கடல் கடந்தும் கலை தன் பல்லைக் காட்டிய நாட்கள் உண்டு. 1970இல் சரவாக்கின் கூச்சிங்கில் அறுபது வயது ஹுவாங் சிங்சியான், மல்யுத்த வீரர் லியாவ் குவாங்செங்கை 26–0 என்று வீழ்த்தினார். எதிர்ப்பக்கமும் உண்டு. 2017 ஏப்ரலில் செங்டு நகரில், கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங் தன்னைத் தாய்ச்சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை அரை நிமிடத்துக்குள் தரையில் சாய்த்தார். காணொளி நாடெங்கும் பரவி, சினமும் வெட்கமும் கிளம்பின. தோற்றது கலை என்று சொல்வது அவசரம். எதிர்க்கும் ஆளோடு பழகாத பழக்கம்தான் தோற்றது. அதைச் சென்ஜியாகோவின் வழிக்காவலர்கள் ஒருநாளும் ஏற்றிருக்கமாட்டார்கள்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய்ஜிசுவானை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கற்பிக்கும் இடங்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. சான்றிதழும் குருபரம்பரைப் பட்டியலும் சுவரில் தொங்குகின்றன. நலத்துக்காக அதைச் செய்வோருக்கு அந்த 24 அசைவுகளே போதும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சண்டைக்கலையாகக் கற்க விரும்புகிறவர், ஆசானின் பரம்பரையை விசாரிப்பதற்கு முன், வகுப்பின் ஓரமாக ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். அங்கே இருவர் கைதொட்டு நிற்கிறார்களா, எதிரே நிற்பவர் உண்மையாகத் தள்ளுகிறாரா, ஆசான் தானும் இறங்கி மாணவனிடம் கையைக் கொடுக்கிறாரா என்று கவனிக்கட்டும். மூன்றும் இருந்தால் அங்கேயே சேரலாம்.