மேஜர் கிண்ணமின்றி உலக முதலிடம்: லீ வெஸ்ட்வூட்டின் கோல்ஃப் பயணம்

மலேசியப் பொது கோல்ஃப் கிண்ணத்தை 17 ஆண்டு இடைவெளியில் இருமுறை வென்றவர் இங்கிலாந்தின் லீ வெஸ்ட்வூட். டைகர் வூட்ஸ் ஐந்தாண்டுக்கும் மேலாக விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த உலக முதலிடத்தைக் கைப்பற்றியவரும் அவரே. ஆனால், கோல்ஃப் உலகம் ஒருவரின் பெருமையை அளக்கும் அளவுகோலாகக் கருதும் நான்கு 'மேஜர்' போட்டிகளில் ஒன்றைக்கூட அவர் வென்றதில்லை.

மாஸ்டர்ஸ், அமெரிக்கப் பொதுப் போட்டி, பிரிட்டிஷ் பொதுப் போட்டி, பிஜிஏ வெற்றியாளர் போட்டி ஆகியவையே அந்த நான்கு. உலக முதலிடத்தை எட்டியும் இவற்றில் ஒன்றையும் வெல்லாத ஆண்கள் இதுவரை இருவர்தான். ஒருவர் வெஸ்ட்வூட், மற்றவர் அவருடைய நாட்டவரான லூக் டொனால்ட்.

கணித ஆசிரியரின் மகன்

வெஸ்ட்வூட் 1973 ஏப்ரல் 24ஆம் தேதி நாட்டிங்ஹாம்ஷியர் வட்டாரத்தின் வொர்க்சோப் நகரில் பிறந்தார். தந்தை கணித ஆசிரியர். தாத்தா பாட்டி வாங்கித் தந்த அரைத் தொகுப்பு கோல்ஃப் மட்டைகளுடன் 13 வயதில் ஆடத் தொடங்கினார். அதன் பிறகு ஏழே ஆண்டுகளில், 1993இல், தொழில்முறை விளையாட்டாளரானார்.

1996இல் ஸ்காண்டிநேவிய மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் ஐரோப்பியப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு மலேசியப் பொதுக் கிண்ணத்தை வென்றார். அதே ஆண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கிண்ண அணியிலும் இடம்பிடித்தார். 2000ஆம் ஆண்டு அவருடைய முதல் உச்சம். ஸ்காட்லாந்தின் காலின் மாண்ட்கோமரி 1993 முதல் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்த ஐரோப்பியப் பரிசுத்தொகைப் பட்டியலின் முதலிடம் அந்த ஆண்டு வெஸ்ட்வூட்டிடம் வந்தது.

சரிவும் மீட்சியும்

உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆட்டம் கைவிட்டுப் போனது. பந்தை அடிக்கும் முறை குலைந்தது. தன்னம்பிக்கையும் கூடவே போனது. 2003இல் தரவரிசையில் 250ஆம் இடத்திற்கும் கீழே இறங்கினார். அப்படிச் சரிந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டு வருவதில்லை.

வெஸ்ட்வூட் அடிப்படைப் பயிற்சிக்குத் திரும்பினார். உடற்பயிற்சியில் தீவிரம் காட்டினார். அதே 2003இல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ போட்டியையும் ஸ்காட்லாந்தில் டன்ஹில் போட்டியையும் வென்று தலைநிமிர்ந்தார். முழு மீட்சிக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2009இல் துபாயில் நடந்த பருவத்தின் இறுதிப் போட்டியை வென்றபோது, ஐரோப்பாவின் ஆண்டு வெற்றியாளர் பட்டம் இரண்டாம் முறையாக அவருக்குக் கிடைத்தது.

கைக்கெட்டிய தூரத்தில் ஒன்பது முறை

மேஜர் போட்டிகளில் வெஸ்ட்வூட் முதல் மூன்று இடங்களுக்குள் முடித்தது ஒன்பது முறை. இரண்டாம் இடம் மூன்று முறை, மூன்றாம் இடம் ஆறு முறை.

2008 அமெரிக்கப் பொதுப் போட்டியில் கடைசிக் குழியில் ஓர் அடி மிச்சப்படுத்தியிருந்தால் டைகர் வூட்ஸ், ராக்கோ மீடியேட் ஆகியோருடன் கூடுதல் ஆட்டத்தில் நுழைந்திருப்பார். பந்து குழிக்குள் விழவில்லை. 2009இல் டர்ன்பெரி திடலில் நடந்த பிரிட்டிஷ் பொதுப் போட்டியில் கடைசிக் குழி இன்னும் கசப்பானது. கிரீன் எனப்படும் சீரான புல்வெளியில் பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் தள்ளுவது 'பட்'. இரண்டு பட்டில் முடித்திருந்தால் கூடுதல் ஆட்டத்திற்குப் போயிருப்பார். அவருக்கு மூன்று தேவைப்பட்டன. ஒரே ஓர் அடியில் வாய்ப்பு நழுவியது.

2010 மாஸ்டர்ஸ் போட்டியிலும், 2013இல் முயர்ஃபீல்டில் நடந்த பிரிட்டிஷ் பொதுப் போட்டியிலும் கடைசி நாளை முன்னணியில் தொடங்கினார். இரண்டிலும் அவரை முந்திக் கிண்ணத்தைத் தூக்கியவர் அமெரிக்காவின் ஃபில் மிக்கல்சன். 2016 மாஸ்டர்ஸ் இறுதி நாளில் 15ஆவது குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்தே பந்தைக் குழிக்குள் அனுப்பிக் கூட்டத்தை எழுந்து நிற்க வைத்தார். அடுத்த குழியிலேயே மூன்று பட் அடித்தார். உடன் ஆடிக்கொண்டிருந்த சக இங்கிலாந்து வீரர் டேனி வில்லட் பட்டத்தை வென்றார். வெஸ்ட்வூட் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் தோல்விகள் பலவற்றில் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் தெரிகிறது. தொலைவிலிருந்து பந்தைக் குறி தவறாமல் அடிப்பதில் அவருக்கு நிகரானவர்கள் அவர் காலத்தில் வெகு சிலரே. கிரீனை ஒட்டிய சிறு அடிகளும் பட்டும்தான் அவருடைய பலவீனம். வாரத்துக்கு வாரம் நடக்கும் போட்டிகளில் முதல் வகைத் திறமை மற்றதை ஈடுகட்டிவிடும். மேஜர் போட்டியின் இறுதி நாளில் கிரீன்கள் கடினமாகவும் வேகமாகவும் இருக்கும். அங்கே ஒரு பட் தவறினாலும் ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும்.

முதலிடம் எப்படி வந்தது?

உலகத் தரவரிசை ஒரு வாரத்து வெற்றியை வைத்து முடிவாவதில்லை. இரண்டு ஆண்டு காலத்தில் ஒருவர் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அண்மைய போட்டிகளுக்கு மதிப்பு அதிகம். ஆக, அது தொடர்ந்து நன்றாக ஆடுபவருக்குக் கிடைக்கும் இடம். மேஜர் போட்டிகளில் அவர் பெற்ற இரண்டாம், மூன்றாம் இடங்களும் அந்தக் கணக்கில் புள்ளிகளாகச் சேர்ந்தன.

2010 அக்டோபர் 31ஆம் தேதி, 281 வாரங்கள் நீடித்த வூட்ஸின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. முதலிடத்துக்கு வந்த வெஸ்ட்வூட் அந்த வாரம் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. 1994இல் நிக் ஃபால்டோவுக்குப் பிறகு அந்த இடத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் விளையாட்டாளர் அவர். இடையில் ஜெர்மனியின் மார்ட்டின் கைமரிடம் அதை இழந்தாலும், 2011 ஏப்ரலில் ஜகார்த்தாவில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் போட்டியை வென்று மீட்டார். அடுத்த மாதமே வென்ட்வொர்த்தில் நடந்த போட்டியின் கூடுதல் ஆட்டத்தில் அவருடைய பந்து தண்ணீரில் விழ, பட்டமும் முதலிடமும் ஒருசேர லூக் டொனால்டிடம் சென்றன. மொத்தம் 22 வாரங்கள் வெஸ்ட்வூட் உச்சியில் இருந்தார்.

கோலாலம்பூரில் ஏழு அடி

2010இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் நடந்த பிரிட்டிஷ் பொதுப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் லூயி ஊஸ்தேசன் ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடம் வெஸ்ட்வூட்டுக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரலில், கோலாலம்பூர் கோல்ஃப் மன்றத்தில் நடந்த மலேசியப் பொதுப் போட்டியில் நிலைமை தலைகீழானது. வெஸ்ட்வூட் அதே ஏழு அடி வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஊஸ்தேசனும் ஒருவர். ஏறத்தாழ ஈராண்டாக ஐரோப்பியச் சுற்றில் வெற்றி காணாதிருந்த அவருக்கு, இளம் வயதில் வென்ற அதே கிண்ணம் 40 வயதில் மீண்டும் கைகொடுத்தது.

அணிக்காக ஆடியபோது

தனிநபர் மேஜர் கைகூடாதவருக்கு அணிப் போட்டி நிறைவாகவே கொடுத்தது. ரைடர் கிண்ணத்தில் அவர் 11 முறை ஐரோப்பாவுக்காக ஆடினார். இதில் ஃபால்டோவின் சாதனையைச் சமன் செய்தார். அவற்றில் ஏழு முறை கிண்ணம் ஐரோப்பாவுக்கு வந்தது. 2012இல் சிகாகோ அருகே மெடினா திடலில், 6-10 எனப் பின்தங்கிய ஐரோப்பா கடைசி நாளில் மீண்டு வென்றபோது, மேட் கூச்சரை வீழ்த்தி முக்கியப் புள்ளி சேர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

2020 ஜனவரியில் அபுதாபியில் வென்று, நான்கு வெவ்வேறு பத்தாண்டுகளில் ஐரோப்பியப் பட்டம் பெற்றவரானார். அந்த ஆண்டின் முடிவில், 47 வயதில், ஐரோப்பாவின் ஆண்டு வெற்றியாளர் பட்டத்தை மூன்றாம் முறையாகப் பெற்றார். ஐரோப்பியச் சுற்றில் அவர் வென்ற பட்டங்கள் மொத்தம் 25.

இப்போது

2022இல் சவூதி அரேபிய நிதியில் இயங்கும் லிவ் கோல்ஃப் தொடரில் சேர்ந்தார். அதனால் எழுந்த அபராதச் சர்ச்சைக்குப் பின், 2023இல் ஐரோப்பியச் சுற்றின் உறுப்பியத்திலிருந்து விலகினார். ரைடர் கிண்ண அணிக்குத் தலைமையேற்க அந்த உறுப்பியம் அவசியம். பலரும் அவருக்கு உறுதி என்று எண்ணியிருந்த அந்தப் பொறுப்பும் அத்துடன் எட்டாமல் போனது.

ஆனாலும் மேஜர் மீதான ஆசை விடவில்லை. 2025இல், 52 வயதில், ஸ்காட்லாந்தின் டன்டொனால்ட் திடலில் ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் தகுதிச் சுற்றில் இளையோருடன் போட்டியிட்டு, பிரிட்டிஷ் பொதுப் போட்டிக்கு மீண்டும் இடம் பெற்றார் இந்த முன்னாள் உலக முதல்நிலை விளையாட்டாளர்.