சென்னை – பலாலி: 355 கிலோமீட்டரின் வரலாறு

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் சென்னையிலிருந்து இதைவிடத் தொலைவில், 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சிறிய ஏடிஆர் விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு பலாலியில் இறங்கிவிடும். ஆயினும் நம்மில் பலருக்கு மதுரை பக்கத்து ஊர், யாழ்ப்பாணமோ தொலைதேசம். இந்த மனத்தொலைவு எப்படி உண்டாயிற்று என்பதே நம் கேள்வி.

இது பழைய தொலைவு அன்று. 1849இல் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்தவர். பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இரு கரைகளும் ஒரே புலமை உலகமாக இருந்தன என்பதற்கு இவ்விருவரே போதிய சான்று.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. கடல்வழியோ 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் நலிந்தது. இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் எண்பதுகளின் தொடக்கம் வரை ஓடியது.

1983க்குப் பின் ஓடியவை அகதிப் படகுகளே. 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை பலாலியில்தான் வந்திறங்கியது. 1990இல் சுற்றுவட்டார மக்கள் வீடுவாசல் விட்டு வெளியேறினர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1998 செப்டம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலருகே வீழ்ந்து, அதிலிருந்த அனைவரும் மாண்டனர்.

அந்நாட்களில் முறையான பயணம் என்றால் கொழும்பு வழிதான். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 640 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே மேலும் 400 கிலோமீட்டர் அளவுக்குச் சாலை. நேர்த்தொலைவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அச்சாலையும் போரின் போக்கில் பலமுறை மூடப்பட்டது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்திறங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் புறப்பட்டது.

வழி திறந்துவிட்டது என்று மகிழ்வோம். ஆனால் அது எல்லோருக்கும் திறக்கவில்லை. படகில் வந்து தமிழக முகாம்களிலேயே முதுமை எய்தியோர் உளர். அங்கே பிறந்து, பெற்றோரின் ஊரைக் காணாதோரும் உளர். கடவுச்சீட்டும் குடியுரிமையும் இல்லாதவர்க்கு விமான அட்டவணை எதையும் சொல்வதில்லை. பலாலியைச் சுற்றிய நிலங்களிலும் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை.

நாவலர் காற்றுக்காகக் காத்திருந்து கடந்த கடல் இது. நம் காலத்தவர் காத்திருப்பது அனுமதிக்காக. அவர்களது பயண நேரத்தை எந்த அட்டவணையில் எழுதுவது?