பின்னி ஆலையில் சாப்பாட்டு நேரம்

பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றைக்கும் "பி அண்ட் சி மில்" கதை வந்துவிடும். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள். நடத்தியது பின்னி கம்பெனி. காக்கித் துணிக்குப் பேர்போன இடம். அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சங்கம் என்றதும் நமக்குக் கூலிதான் ஞாபகம் வரும். சங்கத்தின் முதல் தலைவர் பி.பி.வாடியா. அந்த வருடம் அவர் பேசிய பேச்சுகளைப் படித்தபோது என்னை நிறுத்தி வைத்தது சாப்பாட்டு நேரம். அப்போது அமலில் இருந்த 1911ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலையில் ஒரு ஆளை நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் அரை மணி ஓய்வு கொடுத்தால் போதும். அந்த அரை மணியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் எழுந்து வரணும். பஞ்சுத் தூசு படிந்த கையைக் கழுவணும், உட்கார இடம் பிடிக்கணும், கொண்டுவந்ததைத் தின்னணும், மறுபடி சங்கு ஊதுவதற்குள் எந்திரத்துக்கு முன்னால் நிற்கணும். மெல்ல நேரம் ஏது? விழுங்க வேண்டியதுதான்.

பெரம்பூரில் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் தொழிலாளிகள் வந்து புலம்புவது வழக்கம். அவரும் நண்பர் ராமானுஜலு நாயுடுவும் சேர்ந்து வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையை நடத்திவந்தார்கள். பக்திப் பிரசங்கம் கேட்கக் கூடிய அதே கூட்டம்தான் பிறகு சங்கக் கூட்டமானது. அங்கே பேசப்போன திரு.வி.க.வும் உள்ளே இழுக்கப்பட்டார். இவர்கள் இரண்டு பேரும் 'நியூ இந்தியா' அலுவலகம் போய் வாடியாவைச் சந்தித்தார்கள். சங்கம் முன்வைத்த ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தை நீட்டுங்கள் என்பது. அரை மணி 40 நிமிடமானது.

பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பள்ளிக்கூடம், மருந்தகம் எல்லாம் வைத்து 'நல்ல முதலாளி' என்று பேர் வாங்கிய கம்பெனி அது. தானாகக் கொடுப்பதில் அதற்குச் சிரமம் இருக்கவில்லை. கேட்டு வாங்கியது தொழிலாளிகளுக்கு இது புதுசு. அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1920 கடைசியில் கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு. வாடியா மேல் கம்பெனி வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது, அவர் சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. தொழிலாளியைத் திரட்டுவதே சட்ட விரோதம் ஆகிவிடும் என்ற நிலைமை. இந்த வழக்குக்குப் பிறகுதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் 1921ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். முந்தின கதவடைப்பிலேயே நொடித்துப் போனவர்கள். இன்னொரு பட்டினியைத் தாங்க அவர்களிடம் கையிருப்பும் இல்லை, சங்கத் தலைமையில் அவர்கள் குரலும் இல்லை. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. கலவரம், போலீஸ் சூடு என்று மாதக்கணக்கில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

"கருங்காலிகளால் தோற்றது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆலைக்குள் எல்லாருக்கும் ஒரே சங்கு, ஒரே 40 நிமிடம். வெளியே வந்தால் ஊர்த் தெரு வேறு, சேரி வேறு. கடன் கொடுக்கிறவனும் வேறு, கொடுக்க மறுக்கிறவனும் வேறு. நேரத்தைச் சேர்ந்து கேட்ட சங்கம், அந்தத் தெருக்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே இல்லை. பசி வந்தபோது பிளவு தெருவழியாகத்தான் வந்தது.

மறு வருடமே, 1922இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. வேலை நேரம் நாளைக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி. ஆறு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. போராடித் தோற்றவர்களுக்கும் குடிசை எரிந்தவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் பொதுவாகவே கிடைத்தது.