விமானியின் கை அறிந்தது

“டீச்சர், பிளேன்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்குதே, அப்புறம் பைலட் எதுக்கு?” வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால், பட்டத்தின் நூலிலிருந்து தொடங்கலாம். பட்டம் விட்ட மாணவருக்குத் தெரியும்: மேலே காற்று எப்படி என்பதை நூலின் இழுப்பே சொல்லிவிடும்.

பழைய விமானங்களும் அப்படித்தான். கட்டுப்பாட்டுக் கோலையும் இறக்கை, வால் பகுதியின் அசையும் மடல்களையும் கம்பிகள் இணைத்தன. வேகம் கூடினால் கோல் கனக்கும். குறைந்தால் தொளதொளவென்று ஆகிவிடும். ஆபத்து கையிலேயே தெரிஞ்சுடும். பெரிய விமானங்களில் ஹைட்ராலிக் விசை வந்ததும் அந்தக் கனம் கைக்கு எட்டவில்லை. ஆகவே சுருள்வில் போன்றவற்றை வைத்து அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள்.

அடுத்து, கம்பிகளின் இடத்தை மின்சமிக்ஞை பிடித்தது. அமெரிக்க எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியில் கோல் அசையவே அசையாது; கையின் அழுத்தத்தை மட்டும் அளக்கும். 1974 ஜனவரி 20-இல், தரையில் வேகமாக ஓட்டிப் பார்த்த சோதனையில் விமானம் பக்கவாட்டில் கடுமையாக ஆடியது. விமானி ஃபில் ஓஸ்ட்ரிக்கர் அதை மேலே கிளப்பி, சில நிமிடங்களில் பத்திரமாக இறக்கினார். எஃப்-16 கோலுக்குப் பின்னர் சிறிது அசைவு கொடுக்கப்பட்டது.

1987-இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இரு விமானிகளுக்கும் தனித்தனிச் சிறுகோல்கள். ஒன்றை அசைத்தால் மற்றது அசையாது. 1994-இல் பறந்த போயிங் 777-இலும் கணினிதான். ஆனால் இரு கோல்களும் சேர்ந்தே நகரும்.

இந்த வேறுபாடு 2009 ஜூன் 1-க்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447, ஓர் ஏர்பஸ் ஏ330. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததால் தானியங்கி ஓட்டம் விலகியது. ஒரு துணை விமானி கோலைப் பெரும்பாலும் பின்னுக்கே இழுத்தார். பக்கத்தில் இருந்தவரின் கைக்கு அது தெரியல. தூக்குவிசை இழந்த விமானம் அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தனர். கோல் மட்டுமே காரணமல்ல. பயிற்சிக் குறையும் குழப்பமும் சேர்ந்தன.

2015-இல் பறந்த கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 விமானத்தில், ஒருவர் சிறுகோலை அசைத்தால் அடுத்தவர் கையிலும் அது உணரப்படும். மாணவர் கேள்விக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்: கணினி எவ்வளவு செய்தாலும், என்ன நடக்கிறது என்பது மனிதனுக்குத் தெரிந்தாக வேண்டும். நூல் கையில் இருந்தால் போதாது, இழுப்பும் தெரியணும்.