எழுத்துக்கு என்ன விலை? - 9
பெயர் யாருக்குச் சொந்தம்?

ஜெர்மனியின் லூனபுர்க் நகரில், பள்ளிக்கூட வயதில் ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கி, ஸ்டார்ரைட்டர் என்ற சொற்செயலியைச் சந்தைக்குக் கொண்டுவந்த மார்கோ போரீஸ், 1999-இல் அந்தக் கம்பெனியை விற்கச் சம்மதித்துவிட்டார். வாங்கியது யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

வாங்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். விலை 7 கோடியே 35 லட்சம் டாலர்.

வங்கிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய பெரிய சர்வர்கள் விற்றுவந்த கலிஃபோர்னியா நிறுவனம் அது. கடிதமும் கட்டுரையும் அடிக்கும் மென்பொருள் அதற்கு எதற்கு? மைக்ரோசாஃப்ட்டோடு அதற்கு இருந்த பகை ஊரறிந்தது. ஜாவா என்ற நிரல்மொழியை முன்வைத்து நீதிமன்றம்வரை போனவர்கள். ஆனால் சன்னில் பணியாற்றிய சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் சொன்ன காரணம் வேறு. அப்போது சன்னில் ஏறக்குறைய 42,000 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்ட்டிடம் உரிமம் வாங்குவதைவிட, ஆஃபீஸ் மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு 1,750 டாலர் வருகிறது. அதுவே மலிவு என்று ஒரு பெருநிறுவனம் நினைத்த காலத்தில், வீட்டுப்பாடக் கட்டுரை எழுத வேண்டிய மாணவரின் நிலை என்ன? நண்பரின் சிடியைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பது, இல்லையென்றால் பேனாவைத் தேடுவது. ஸ்டார் டிவிஷனின் ஆஃபீஸ் மென்பொருளான ஸ்டார் ஆஃபீஸைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் அப்போதே இருந்தது உண்மைதான். ஆனால் இன்று இலவசமாகக் கொடுக்கிற முதலாளி நாளை விலை வைத்தால் யார் கேட்பது? இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான்.

2000 ஜூலை 19 அன்று சன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அக்டோபர் 13 அன்று அதைச் செய்தும் காட்டியது. ஸ்டார் ஆஃபீஸின் மூல நிரல் உலகத்துக்கு முன்னால் திறந்து வைக்கப்பட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆவலோடு உள்ளே நுழைந்தவர்களுக்கு ஓர் இடைஞ்சல் காத்திருந்தது. நிரலின் ஊடே எழுதிவைத்த குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது.

அந்தத் திறந்த நிரலிலிருந்து 2002 மே மாதம் ஓப்பன் ஆஃபீஸ் 1.0 வந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த ஊர்களுக்கு அது சிடியில் போய்ச் சேர்ந்தது. அந்த சிடியை வகுப்புத் தோழருக்கு நகலெடுத்துக் கொடுத்தால் குற்றமில்லை. உரிமமே அதற்கு அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு வந்த 1.1 பதிப்பில், கட்டுரையை நேராக பிடிஎஃப் ஆக்கும் வசதியும் சேர்ந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது 2005-இல் நடந்தது. அதுவரை பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பைத் தம் மொழியில் பூட்டி வைத்தன. அந்த மே மாதம் ஓப்பன் டாக்குமென்ட் என்ற பொது வடிவம் தரநிலையானது. மறு ஆண்டு சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் அதை ஏற்றது. இந்த வடிவத்தில் சேமித்த கட்டுரை, அதாவது ஓடிடி கோப்பு, உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்தால் உள்ளே கன்டென்ட் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நீங்கள் எழுதிய சொற்கள் அதில் அப்படியே கிடக்கும். கடவுச்சொல் போட்டு நீங்களே பூட்டாதவரை, அதைத் திறக்க எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் எழுதியதைப் பத்து வருடம் கழித்து எடுத்துப் படிக்க நினைப்பவருக்கு இதன் அருமை புரியும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் ஓப்பன் ஆஃபீஸ் என்ற பெயர்? அது சன்னுடையது. தொண்டர்கள் நிரல் எழுதித் தரும்போதும் அதன் பதிப்புரிமையைச் சன்னோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சன்னே விலைக்குப் போனது. 2010 ஜனவரியில் 740 கோடி டாலருக்கு அதை விழுங்கி முடித்தது ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம். ஆகஸ்ட்டில் இரண்டு இடிகள் அடுத்தடுத்து இறங்கின. ஜாவாவுக்காக கூகுள்மீது ஆரக்கிள் வழக்குப் போட்டது. சன் திறந்துவைத்த ஓப்பன் சோலாரிஸ் இயங்குதளத்தைக் கைகழுவியது. அடுத்தது நாம்தானா என்று ஓப்பன் ஆஃபீஸ் தொண்டர்கள் கலங்கினார்கள்.

கலங்கியவர்கள் காத்திருக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். நிரலை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது. பெயரை எடுத்துக்கொள்ள இல்லை. ஆகவே, தங்களோடு சேரும்படியும் அந்தப் பெயரை அமைப்புக்கு நன்கொடையாகத் தரும்படியும் ஆரக்கிளைக் கேட்டார்கள். பதில் வரும்வரை ஒரு தற்காலிகப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்: லிப்ரே ஆஃபீஸ்.

இரண்டு வாரம் ஓடியது. அக்டோபர் நடுவில் ஓப்பன் ஆஃபீஸின் சமூகக் குழு இணைய அரட்டை வழியே கூடியது. புதிய அமைப்பைத் தொடங்கியவர்களில் சிலருக்கும் அந்தக் குழுவில் இடம் இருந்தது. ஆரக்கிள் தரப்பு பேசியது. பெயரைப் பற்றி அல்ல, அந்தச் சிலரைப் பற்றி. அவர்களிடம் அது வைத்த கோரிக்கை...

(தொடரும்)