13, 18: இரண்டு வயதெல்லைகளின் வரலாறு

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலான தளங்கள் விதிக்கும் குறைந்தபட்ச வயது 13. இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிறையாத எவரையும் ‘குழந்தை’ என்றே வரையறுக்கிறது. ஐந்து வயதுச் சிறுவனுக்கும் பதினேழு வயது மாணவிக்கும் அதில் ஒரே சொல்தான். நம் பதின்பருவத்தினரின் இணைய வாழ்வு இவ்விரு எண்களுக்கும் இடையில் கழிகிறது. அவ்வெண்கள் பிறந்த கதையோ அவர்களுடைய வாழ்வுக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

13 என்பது அமெரிக்காவில் பிறந்தது. சிறுவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வணிகத் தளங்கள் திரட்டுவதைத் தடுக்க 1998-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய சமூக ஊடகங்கள் அன்று தோன்றியிருக்கவில்லை. சட்டத்திற்காகப் போராடியவர்களுள் ஒருவரான எட் மார்க்கி 16 வரை பாதுகாப்பு கோரினார். பேரத்தின் முடிவில் 13 நிலைத்தது. அதற்குக் குறைந்தோரிடம் தகவல் பெறப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயமானது. ஒப்புதல் பெறும் சுமையைத் தவிர்க்க, நிறுவனங்கள் அச்சிறுவர்களுக்குக் கதவடைத்தன. அதே விதியை உலகெங்கும் கொண்டு சென்றன. விளைவு என்ன? டானா பாய்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வயதை மறைத்து ஃபேஸ்புக்கில் சேரப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பலர் தாமே உதவியதை வெளிப்படுத்தியது.

18-இன் வேர் இன்னும் பழையது. 2018-இல் அறிக்கை அளித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, பிள்ளைகளின் தற்சார்பான வளர்ச்சியைக் கருதினால் 18 என்பது மிகையாகத் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் நடைமுறையிலுள்ள பிற சட்டங்களோடு முரண்படலாகாது என்று அதையே பரிந்துரைத்தது. ஒப்பந்தம் செய்யும் தகுதியைப் பேசும் 1872-ஆம் ஆண்டுச் சட்டமும், உரிய வயதை 18 என வகுத்த 1875-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றின் அடித்தளம். ஆங்கிலேயர் ஆட்சியில் கொடுக்கல் வாங்கலுக்காகக் கீறப்பட்ட கோடு, 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணையத்தின் எல்லைக்கோடாயிற்று.

அச்சட்டத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. சிறுவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் என்னும் விதி, இல்லத்தின் சாவியை முழுவதும் பெரியவர் கையில் ஒப்படைக்கிறது.

இந்திய இல்லங்களின் நிலையை ‘பிரதம்’ அமைப்பின் முன்னெடுப்பில் வெளிவந்த ‘அசர் 2024’ அறிக்கை காட்டுகிறது. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயதுள்ளோரில் 82.2 விழுக்காட்டினர் திறன்பேசியைப் பயன்படுத்த அறிந்தவர்கள். அவர்களுள் 76 விழுக்காட்டினர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்தை நாடினர். கல்விக்காகப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகம் பயன்படுத்தியோரில் ஒரு கணக்கைத் தடுக்கவோ அதன்மீது புகார் அளிக்கவோ அறிந்தோர் 62 விழுக்காடு. எஞ்சிய 38 விழுக்காட்டினருக்கு அந்த அடிப்படைத் தற்காப்பும் தெரியாது. திறன்பேசியைப் பயன்படுத்த அறிந்தோரிலும், அதைச் சொந்தமாக வைத்திருப்போர் சிறுவரில் 36.2 விழுக்காடு, சிறுமியரில் 26.9 விழுக்காடே.

இந்த இடைவெளியை வயதெல்லை நிரப்பாது. தொல்லை நேர்ந்ததை வீட்டில் சொன்னால் கைபேசி பறிபோகும், படிப்பும் நிற்கும் என்று அஞ்சும் சிறுமி வாய் திறக்கமாட்டாள். அவளுடைய மௌனமே துன்புறுத்துபவனுக்குத் துணையாகும். தந்தையின் கைபேசியில் தந்தையின் கணக்கைத் திறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் படுவதுமில்லை. கணக்கைப் பூட்டவும், புகார் அளிக்கவும், அஞ்சாமல் வீட்டில் பேசவும் கற்பிப்பது எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதே இனி ஆராயப்பட வேண்டிய கேள்வி. அதற்குரிய விடை 1875-இலும் இல்லை, 1998-இலும் இல்லை. இன்றைய பதின்பருவத்தினரிடமே கேட்டறிய வேண்டும்.