கெமிஸ்தம் முதல் பங்கீட்டு வலு வரை: இரசாயனவியல் தமிழுக்கு வந்த வழி

இரசாயனவியலைத் தமிழிலேயே கற்றோம் என்றால், புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் வியப்படைகின்றனர். ஒட்சியேற்றம், தாழ்த்தல், நியமிப்பு, வலுவளவு என நாம் சரளமாகச் சொன்ன சொற்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. அவற்றின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அதனை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு மாணவரையும் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலே கற்பித்த அவர், 1864 அளவில் தமிழுக்கு மாறினார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. உடலமைப்பு, சத்திரசிகிச்சை முதலிய துறைகளில் அவரது முயற்சியால் தமிழ் நூல்கள் வெளிவந்தன. அவ்வரிசையில் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கிறீன் தாயகம் திரும்பியிருந்தார். பொருத்தமான தமிழ்ச் சொல் உண்டா என முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவாக்குவது என்பதே அவரது முறை. நூலின் பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று.

உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. எனினும் கெமிஸ்தம் பெண்பிள்ளைகளை எண்ணி எழுதப்பட்ட நூல் அன்று. வைத்திய மாணவருக்காக எழுந்தது. பின்னர் நெடுங்காலம் மேல்வகுப்பு விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே நடந்தது. 1945இல் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேலேறியது. விஞ்ஞானப் பாடங்கள் பிந்தியே வந்து சேர்ந்தன.

அதற்குள் பாடமே மாறியிருந்தது. இலத்திரன் கண்டறியப்பட்டது 1897இல். அணுக்கள் இலத்திரன் சோடிகளைப் பங்கிட்டுப் பிணைகின்றன என்று லூயிஸ் விளக்கியது 1916இல். ஆகவே பிணைப்பு பற்றி நாம் படித்த அத்தியாயம் 1875ஆம் ஆண்டு நூலில் இருக்க இடமில்லை. அதற்குப் புதுச்சொற்கள் ஆக்கவேண்டியிருந்தது. 'பங்கீட்டு வலு' என்ற சொல்லைப் பாருங்கள். நீரிலே ஒட்சிசன் அணு இரண்டு ஐதரசன் அணுக்களுடன் இலத்திரன்களைப் பங்கிடுகிறது. சொல்லைக் கேட்டவுடனே பாதிப் பாடம் விளங்கிவிடும். ஆங்கிலம் வீட்டில் பேசப்படாத பிள்ளைக்கு இது சிறு உதவி அன்று. விஞ்ஞானப் பிரிவின் கதவே அதனால்தான் திறந்தது.

உப்பிலோ பங்கீடு இல்லை. சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்க, குளோரீன் அதை ஏற்கிறது; அது அயன் பிணைப்பு. இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. ஆனையிறவு உப்பைக் கொண்டே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் பெற்றார்கள். கணக்கும் எளிது: 58.5 தொன் உப்பும் 18 தொன் நீரும் தாக்கமுற்றால் 40 தொன் எரிசோடா, 35.5 தொன் குளோரீன், 1 தொன் ஐதரசன். இரு பக்கமும் 76.5 தொன். அந்தக் குளோரீன் குடிநீரைச் சுத்திகரிக்கவும் பயன்பட்டது. போர் அத்தொழிற்சாலையை நிறுத்தியது. வீடுகளிலிருந்த புத்தகங்களும் கொப்பிகளும் இடப்பெயர்வுகளில் அழிந்தன.

தமிழ்நாட்டில் 'தனிமம்', 'ஆக்சிஜன்' என்பதை நாம் 'மூலகம்', 'ஒட்சிசன்' என்கிறோம். இந்தச் சொல்வழக்கு ஈழத்து ஆசிரியர்களின் உழைப்பு. ஆகவே பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பெட்டிகளில் பழைய பாடநூலோ, சொற்றொகுதியோ, செய்முறைக் கொப்பியோ எஞ்சியிருந்தால், அதனைக் கல்லூரி நூலகத்துக்குத் தந்துதவுங்கள்.